கல்லாப்பெட்டியிலிருந்து கல்லூரிக்கு: கடையநல்லூர் வட்டாரத்தில் இளநிலை வணிக நிர்வாகக் கல்வி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தென்காசி மாவட்டத்து வணிகவியல் பிரிவு மாணவர் முன்னால் இரண்டு விண்ணப்பங்கள் கிடக்கும்: பி.காம்., பி.பி.ஏ. முதலாவது கணக்குக்கு, இரண்டாவது நிர்வாகத்துக்கு என்று ஒரே வரியில் விளக்கமும் கிடைத்துவிடும். இந்தப் பாகப்பிரிவினை எப்படி நேர்ந்தது என்று பின்னோக்கிப் போனால் ஒரு முரண் தட்டுப்படுகிறது. இளநிலை வணிக நிர்வாகப் படிப்பு, எம்.பி.ஏ.வின் தம்பி என்ற உறவுமுறையில்தான் இந்தியாவில் வளர்ந்தது. கடையநல்லூர் போன்ற ஊரில் அதற்குக் காத்திருந்த வேலையோ வேறு. கடையிலும் தறிக்கூடத்திலும் கூடவே நின்று தொழில் பழகும் முறை அறுந்துபோன இடத்தை அது நிரப்பியாக வேண்டியிருந்தது. வந்த வழிக்கும் செய்ய வேண்டிய வேலைக்கும் பொருத்தமில்லாமல் போனதே இப்படிப்பின்மீது இன்று சொல்லப்படும் குறைகளுக்கு மூலம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அறுந்துபோனது எது என்பதை முதலில் பார்க்கலாம். தமிழ் வணிகர்களிடம் நிர்வாகக் கல்வி இருக்கவே செய்தது, வகுப்பறைதான் இல்லை. நகரத்தார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் பொறுப்புக்கு உயர்வான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்றாண்டுக் கணக்கில் போய் வருவான். பேரேடு, சிட்டை, ஐந்தொகை என்பவை அவன் தேர்வுக்காகப் படித்த சொற்கள் அல்ல, கடை சாத்துமுன் நேர் செய்தாக வேண்டியவை. கடையநல்லூரின் பழந்தொழிலான கைத்தறியிலும் இதே கதைதான். முதல் போடுபவர் நூல் கொடுப்பார். நெசவாளி குடும்பம் பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறியில் ஏற்றி நெய்து, துணியை ஒப்படைத்துக் கூலி வாங்கும். நூல் விலை ஏறினால் அது யார் தலையில் விழும்? மழையில் பாவு காயாத நாட்களுக்கு முன்பணம் எவ்வளவு தாங்கும்? பெருநாளுக்கு முன் எத்தனை உருப்படி கையிருப்பு வேண்டும்? நடைமுறை மூலதனம், இருப்பு மேலாண்மை, இடர் பகிர்வு என்று பாடநூல் மூன்று அத்தியாயங்களில் சொல்வதைத் தறிக்கூடத்துப் பிள்ளை பத்து வயதிலிருந்து காதால் கேட்டே வளர்ந்தது.

ஆங்கிலேயர் காலத்து வணிகக் கல்வி இந்த அறிவைத் தேடி வரவில்லை. 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் ஏற்படுத்திய வணிகப் பள்ளியிலிருந்தே இந்தியாவில் இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. கம்பெனிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடிதம் எழுத, கணக்கு வைக்க ஆள் வேண்டியிருந்தது. நம் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளும், லோயர், ஹையர் தேர்வுகளும், சுருக்கெழுத்தும் இந்த மரபின் பிள்ளைகள். (ஏளனமாகச் சொல்லவில்லை, அந்த லோயர் சான்றிதழ் எத்தனையோ வீடுகளுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தது.) மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த அடிவாரத்துக்குக் கல்லூரிகள் வந்தது அறுபதுகளில்தான்: 1963இல் ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரி, 1964இல் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி. 1978இல் பிளஸ் டூ அறிமுகமானபின் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் மேல்நிலைப் பள்ளியில் தனிப் பிரிவாக நிலைபெற்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கிடைத்தது.

நிர்வாகவியல் வந்த பாதை இதிலிருந்து விலகியது. அமெரிக்காவில் இளநிலைப் படிப்பே முந்தியது: வார்ட்டன் பள்ளி 1881இல் தொடங்கியது, ஹார்வர்டின் எம்.பி.ஏ. 1908இல்தான் வந்தது. இந்தியாவில் வரிசை தலைகீழ். 1953இல் கல்கத்தாவின் சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனம், 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். என்று முதுநிலைக் கல்வி முதலில் வேரூன்றியது. டெல்லிப் பல்கலைக்கழகம் இளநிலை வணிகக் கல்விக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது 1987இல். ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழு எம்.பி.ஏ.வை நெடுங்காலமாக மேற்பார்த்து வந்தும், பி.பி.ஏ.வைத் தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது 2024-25 கல்வியாண்டில்தான். அதுவரை அது கலைக் கல்லூரியின் இன்னொரு பட்டம், அவ்வளவே. மேலிருந்து இறங்கியதன் அடையாளம் பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே தெரியும். டெய்லரும் ஃபயோலும் அங்கே நிற்கிறார்கள். ஒருவர் அமெரிக்க இரும்பாலையில் உழைப்பை அளந்தவர், மற்றவர் பிரெஞ்சுச் சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். இருவரும் பெரியவர்கள்தாம், ஆனால் மேலாளருக்கு மேல் மேலாளர் என்று அடுக்கிய நிறுவனத்தை அவர்கள் கண்முன் வைத்து எழுதினார்கள். கணவன் தறியிலும் மனைவி ராட்டையிலும் இருக்கும் தொழிலகத்தை அந்தக் கண்ணாடி காட்டாது.

இதற்குள் ஊரில் தொழில் பழகும் சங்கிலி தளர்ந்துவிட்டது. கைத்தறியின் வீழ்ச்சி ஒரு காரணம், கடல் தாண்டியது மற்றொன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கடையநல்லூர் மக்கள் குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியேறியிருந்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். அந்தச் சங்கம் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. சந்தா திரட்டி, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து, முப்பத்தாறு ஆண்டு ஒரு பள்ளியைத் தாங்கியவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எழுபதுகளுக்குப் பின் வளைகுடாவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்களாகத் தனியே போனார்கள். பணம் ஊருக்கு வந்தது. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பற்று வரவு பார்க்கும் பழக்கம் மட்டும் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை. பி.பி.ஏ. வகுப்பில் வந்து உட்காருவது அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்.

பழைய முறையைப் போற்றுவதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அது சாதிக்கும் உறவுக்கும் உள்ளேயே சுழன்றது. பெட்டியடியில் வெளிச்சாதிப் பிள்ளைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமே இல்லை. மறுக்க வழியில்லை. குற்றாலத்து மகளிர் கல்லூரி திறந்துவிட்ட கதவை எந்தக் கல்லாப்பெட்டியும் திறந்ததில்லை. ஆகவே இங்கே கேட்பது பழைய முறைக்குத் திரும்புவதை அல்ல. அது கற்பித்த பொருளை எல்லாருக்கும் திறந்த வகுப்பறைக்குள் கொண்டுவருவதை. இரண்டாவது மறுப்பு, கோட்பாடு எங்கும் ஒன்றுதான், சிறு கடைக்கென்று தனி நிர்வாகவியல் எதற்கு என்பது. கோட்பாடு ஒன்றாக இருக்கலாம், எடுத்துக்காட்டுகள் ஒன்றல்லவே. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சைக்கு மண்டியில் விலை விழுவதும், ஓணத்துக்கு முன் கேரள லாரிகள் வரும்போது காய்கறி விலை எகிறுவதும், குற்றாலத்தில் சீசன் பொய்த்தால் கடைக்காரர் அடுத்த ஆண்டுவரை கடனைச் சுமப்பதும் தேவை, அளிப்பு, பருவம் பற்றிய பாடங்களே. அவற்றை விட்டுவிட்டு டெட்ராய்ட் காரை உதாரணம் காட்டுவது வசதி, வேறு நியாயம் இல்லை.

மூன்றாவது மறுப்பு பக்கத்து ஊரிலிருந்தே வருகிறது. 2011இல் தென்காசியருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, பட்டத்தைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. பிறகு பட்டம் எதற்கு? ஆள் பயிற்ற அது நடத்தும் ஜோஹோ பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று கவனித்தால் இந்தக் கேள்வி என் வாதத்துக்கே துணை வருகிறது. கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி, முடித்ததும் அங்கேயே பணி. பெட்டியடி முறை கணினிக்கு மாறிய வடிவம் இது. ஆனால் ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய ஆட்களைத்தான் பயிற்ற முடியும், ஒரு மாவட்டத்தின் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் ஆள் பயிற்றுவது அதன் வேலை அல்ல. அது கல்லூரியின் வேலை.

1959இல் ஃபோர்டு, கார்னெகி அறக்கட்டளைகளுக்காக எழுதப்பட்ட இரு அறிக்கைகள், அமெரிக்காவின் இளநிலை வணிகப் படிப்புகள் வெறும் தொழிற்பயிற்சியாகிச் சிந்தனை வறண்டுவிட்டதாகக் குறை சொல்லின. நம் நோய் அதற்கு நேர் எதிர்: சிந்தனையாளர் பெயர்கள் நிறைய, தொழில் இல்லை. ஆகவே பாடத்திட்டக் குழுவினர் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டையாவது மாற்றட்டும். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சதவீதம் போடுவதற்குப் பதில், மாணவர் ஒரு பருவம் முழுவதும் ஒரே மண்டியில் அல்லது ஒரே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து அதன் ஐந்தொகையைத் தானே தயாரிக்கட்டும். புளியங்குடி எலுமிச்சை மண்டி கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.