ஹாரிஸ் இடுப்பு மதிப்பெண்

இடுப்பு மூட்டு நோயிலும் அதன் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் வலியையும் செயல்திறனையும் மருத்துவர் 100 புள்ளிகளில் மதிப்பிடும் முறை. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 1969இல் வெளியிட்டது. வலிக்கு 44, செயல்பாட்டுக்கு 47, கோணலின்மைக்கு 4, அசைவு வீச்சுக்கு 5. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதைவிட நோயாளியின் அன்றாட வாழ்வுக்கே இதில் எடை அதிகம். இதுவே இதன் சிறப்பு. நொண்டல், ஊன்றுகோல், நடக்கும் தொலைவு ஒவ்வொன்றுக்கும் 11 புள்ளிகள். கைப்பிடியைப் பற்றாமல் இயல்பாகப் படியேறினால் 4, பற்றி ஏறினால் 2. காலுறையும் காலணியும் எளிதாக அணிந்தால் 4. மொத்தம் 90 முதல் மிக நன்று. 70க்குக் கீழ் மோசம். மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் பலர் உச்சத்தை எட்டிவிடுவதால், நன்கு தேறியவர்களிடையே வேறுபாட்டை இது காட்டுவதில்லை.