பலகைக் கதவு முதல் மோட்டார் கதவு வரை: கொழும்புத் தமிழரின் வாசல்கள்

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு மிரிஹானையில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் இல்லத்துக்கருகே திரண்ட கூட்டம், நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்ட போராட்டத்துக்கு வழிதிறந்ததை வாசகர்கள் அறிவார்கள். அதே நாட்களில் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் வேறொரு சங்கடமும் இருந்தது. அது முதற்பக்கச் செய்தியாகவில்லை. கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடங்களின் மோட்டார் கதவுகள் திறக்க மறுத்தன. மின்பிறப்பாக்கி இருந்த இடங்களில் அதற்கு டீசல் இல்லை. கையால் திறப்பதற்கான சங்கிலி இருக்கும் பெட்டியின் திறப்பு யாரிடம் என்பது பல இடங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஒருவாறு கதவைத் திறந்து வாகனத்தை வெளியே எடுத்தால், பெற்றோலுக்காகக் காலி வீதியில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை!

"கராஜ்" என்றால் எங்களூரில் முதலில் நினைவுக்கு வருவது வாகனம் திருத்தும் இடந்தான். வாகனம் நிறுத்த வீட்டோடு ஓர் அறை, அதற்கென ஒரு கதவு என்பதெல்லாம் கொழும்புத் தமிழருள் வசதி படைத்த சிலருக்கே வாய்த்திருந்தது. மோரிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய காலத்தில் அவை பெரும்பாலும் வீட்டு முன்றிலின் போர்ட்டிகோவிலேயே நின்றன. கராஜ் உள்ள வீடுகளில் இரட்டை மரக்கதவு, கீல், குறுக்குச் சட்டம், பூட்டு, அவ்வளவே. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு நிலத்தோடு உரசும். தச்சரை அழைத்து அடிப்பக்கத்தைச் சீவினால் அடுத்த மழை வரை கவலையில்லை.

கடைகளின் கதை வேறு. செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய கடைகளுக்குப் பலகைக் கதவுகள் இருந்தன. மேலும் கீழும் உள்ள தவாளிப்பில் ஒவ்வொரு பலகையாகச் செருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டம் போட்டுப் பூட்டுவார்கள். பலகைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுதப்பட்டிருக்கும். வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. காலையில் அவற்றைக் கழற்றி ஓரமாக அடுக்குவது கடைப்பையனின் முதல் வேலை.

கதவைத் திறக்காமல் விடுவதும் ஓர் அரசியல் செயலாகலாம் என்பதை 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் காட்டியது. நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்தன அரிசி மானியத்தை நீக்க, ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. இடதுசாரிகளின் அழைப்பை ஏற்றுக் கடைகள் அடைக்கப்பட்டன. துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

முப்பது ஆண்டுகளின் பின் அதே ஜெயவர்தன ஜனாதிபதியாக இருந்தபோது, மூடிய கதவுகள் வேறுவிதமாகச் சோதிக்கப்பட்டன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் காலி வீதியின் கடைகள் பல, பலகையைக் கைவிட்டு இரும்புத் தகட்டு உருட்டுக் கதவுகளுக்கு மாறியிருந்தன. கள்வனைத் தடுக்க அது போதும். 1983 ஜூலை 25 திங்கட்கிழமை வெள்ளவத்தைக்கு வந்தவர்கள் கள்வர்கள் அல்லர். கையில் வாக்காளர் இடாப்புகளோடு, எது தமிழர் வாசல் என்று அறிந்து வந்தவர்கள். அலவாங்குக்கும் பெற்றோலுக்கும் முன்னால் தகட்டுக் கதவு எவ்வளவு நேரந்தான் தாங்கும்? அன்று உயிரைக் காத்த கதவுகள் அடுத்த வீட்டுக் கதவுகள். சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் தம் வாசலைத் திறந்து உள்ளே எடுத்துப் பிறகு தாழிட்ட கதைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏராளம். இதை எழுதாமல் அந்நாளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

அதன்பின் கொழும்புத் தமிழரின் மதில்கள் உயர்ந்தன, கேற்றுகள் கனத்தன. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்து சேர, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. கீழ்த்தளம் வாகனங்களுக்கு, அதற்கு ஓர் உருட்டுக் கதவு. ஆயினும் நள்ளிரவுச் சோதனைக்காரர் தட்டும்போது எந்தக் கதவும் திறந்தே ஆகவேண்டும். தாமதமே சந்தேகத்துக்குப் போதுமானது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டு, 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இனி அந்தக் கதவின் பொறிமுறைக்கு வருவோம். மேல்நோக்கி எழும் கராஜ் கதவை 1921இல் அமெரிக்கரான சி.ஜி. ஜோன்சன் உருவாக்கினார், 1926இல் அதற்கு மின்மோட்டாரும் பூட்டினார். ரொறன்ரோவில் வாழும் நம்மவர் வீடுகளில் இருப்பது அதன் வழிவந்தது. வெள்ளவத்தையில் இருப்பது உருளையில் சுருளும் தகட்டுக் கதவு. இரண்டிலும் கதவின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது சுருள்வில்லே. மோட்டார் அதற்குத் துணை மாத்திரம். கதவு திறக்காவிட்டால் பலரும் மோட்டாரையே திட்டுகிறார்கள். வழமையான வில்லொன்று ஏறத்தாழ 10,000 தடவை ஏறி இறங்குவதற்கென்று செய்யப்படுவது. நாளுக்கு நான்கு தடவை என்றால் ஏழு ஆண்டுகூட வராது. தொடர்மாடியில் நாற்பது வாகனங்களுக்கு ஒரே கதவு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் சுவரிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். அதற்குக் கதவு அசைந்தால் குற்றம் கையிலுள்ள ரிமோட்டின் பற்றரியில். இரண்டுக்கும் அசையாவிட்டால் மின்சாரமும் ட்ரிப் சுவிட்சும். அடுத்தடுத்து இயக்கியதால் சூடேறி மோட்டார் தானாக நின்றுவிடுவதும் உண்டு. சற்றுநேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். அடியில் இருபுறமும் உள்ள மின்கண்களைப் பலர் குறைசொல்வர். அவை தடுப்பது கதவு மூடுவதை, திறப்பதையல்ல. கதவின் கீழ் அகப்பட்டுக் குழந்தைகள் இறந்தமையால், 1993 முதல் அமெரிக்காவில் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்புக் கட்டாயமாக்கப்பட்டது.

கையால் தூக்கும்போது கதவு கல்லாய்க் கனத்தால் வில் அறுந்திருக்கலாம். அதில் கைவைக்கக்கூடாது, முறுக்கேறிய வில் கையை முறிக்கும். தொழில் தெரிந்தவரை அழைப்பதே தகும். வெள்ளவத்தைக்கென்று தனியான வியாதி கடற்காற்று. ரயில் பாதையைத் தாண்டி வரும் உப்பு, பக்கச் சட்டங்களை அரிக்கிறது. இறுகிய கதவுக்கு எண்ணெய் ஊற்றுவது நம்மவர் வழக்கம். எண்ணெயில் கடல் மணல் ஒட்டினால் அது அரம்போலத் தேய்க்கும். சட்டத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, உலர்ந்த சிலிக்கோன் தெளிப்பதே நல்லது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரின் விலை ஏறியதால் கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டோர் பலர். தடை நீங்கிய அதே மாதம் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்றார் அமைச்சர். 2022இல் பாடம் படித்திருந்த தொடர்மாடிகளில் இம்முறை சங்கிலிப் பெட்டியின் திறப்பு காவலாளியின் மேசைமேல் ஆணியில் தொங்கியது. ஏனையவற்றில் வாகனங்கள் மின்சாரம் திரும்பும்வரை உள்ளேயே நின்றன.