சுவரோரமாக ஒரு மேஜை

பிப்ரவரி 29, 1940. லீப் வருடத்து வியாழக்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் அம்பாசடர் ஹோட்டல் வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. உள்ளே, 'கோகனட் குரோவ்' என்கிற பிரபலமான விருந்து ஹால். பெயருக்கு ஏற்றாற்போல ஹால் முழுக்க செயற்கைத் தென்னை மரங்களை நட்டு வைத்திருப்பார்கள்! அங்கேதான் பன்னிரண்டாவது ஆஸ்கர் விழா.

அன்றைய விழாவில் சஸ்பென்ஸ் மட்டும் மருந்துக்கும் இல்லை. காரணம், ஒரு பத்திரிகை. அந்த நாட்களில் ஜெயித்தவர்களின் பட்டியலை அகாடமியே முன்கூட்டிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடும். 'ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வெளியிடணும்' என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' பத்திரிகைக்குப் பொறுக்கவில்லை. 8.45 மணிக்கு விற்பனைக்கு வந்த பதிப்பிலேயே மொத்தப் பட்டியலையும் போட்டு உடைத்துவிட்டது. விருந்துக்குத் தாமதமாக வந்த பிரமுகர்கள் வழியிலேயே பேப்பரை வாங்கி, 'நமக்கு உண்டா, இல்லையா' என்று பார்த்துவிட்டு உள்ளே போக முடிந்தது. மேடையில் கவரைப் பிரித்துப் பெயர் படிக்கிறார்களே, அந்தச் சடங்கு அடுத்த வருடம், 1941-ல் வந்து சேர்ந்தது இந்தக் கூத்தினால்தான்.

எப்படியும் பேப்பர் பார்க்காமலேயே ஊகித்திருக்கலாம். 13 பிரிவுகளில் போட்டியிட்ட 'கான் வித் த விண்ட்' அன்றைக்கு 8 பரிசுகளை அள்ளியது. கௌரவ விருது, தொழில்நுட்ப விருது என்று தனியாக இன்னும் இரண்டு. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் மேடைக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, முதன்முறையாக விழாவைத் தொகுத்து வழங்கிய பாப் ஹோப், 'இது செல்ஸ்னிக்குக்காக நடக்கிற நிதி திரட்டும் விழா போலிருக்கிறதே!' என்கிற தொனியில் கிண்டலடித்தார். திரைக்கதை எழுதிய சிட்னி ஹோவர்டுக்கும் பரிசு உண்டு. ஆனால், வாங்க ஆள் இல்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, 1939 ஆகஸ்ட்டில் தன் பண்ணையில் நடந்த டிராக்டர் விபத்தில் அவர் இறந்து போயிருந்தார். இறந்த பிறகு ஆஸ்கர் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

செல்ஸ்னிக்கின் மேஜையில் பட்டாளமே உட்கார்ந்திருந்தது. கதாநாயகி விவியன் லீ, துணை நடிகைக்கான போட்டியில் இருந்த ஒலிவியா டி ஹாவிலண்ட் எல்லாரும் அங்கே.

அதே படத்தில் நடித்து, அதே துணை நடிகைப் பிரிவில் போட்டியிட்ட இன்னொரு பெண்ணும் ஹாலுக்குள் இருந்தார். அவர் அந்த மேஜையில் இல்லை. சற்றுத் தள்ளி, சுவரோரமாகப் போடப்பட்டிருந்த ஒரு சின்ன மேஜையில், துணைக்கு வந்தவரோடும் தன்னுடைய வெள்ளைக்கார ஏஜென்ட்டோடும் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளை கார்டீனியா பூக்கள்.

பெயர் ஹேட்டி மெக்டேனியல். கறுப்பினப் பெண்மணி.

அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பர்களை விருந்தினர்களாக உள்ளே விடுவதில்லை. ஆஸ்கருக்குப் போட்டியிடுகிற நடிகை என்றாலும் விதி விதிதான். செல்ஸ்னிக் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி, 'இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்' என்று சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஹோட்டல்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், தனி மேஜை!

பரிசு அறிவிக்கப்பட்டது. ஃபே பெய்ன்டர் என்கிற நடிகை பெயரைச் சொல்ல, சுவரோர மேஜையிலிருந்து எழுந்து ஹேட்டி மெக்டேனியல் மேடைக்கு நடந்தார். ஹாலே கைதட்டியது. ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர்! கையில் கொடுக்கப்பட்டது அந்தப் பிரபலமான தங்கநிறச் சிலை அல்ல. துணை நடிகர், நடிகையருக்கு அந்த வருடங்களில் ஒரு சின்னப் பட்டயம்தான் (சிலை தருவது 1940-களின் நடுவில்தான் வந்தது). சுருக்கமாகப் பேசினார். 'என் இனத்துக்கும் சினிமாத் துறைக்கும் எப்போதும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என்று நம்புகிறேன்' என்றார். குரல் தழுதழுத்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி இறங்கி...

மறுபடி அதே சுவரோர மேஜைக்கு!

செல்ஸ்னிக்கின் மேஜையில் இன்னொரு நாடகம் நடந்தது. தோற்றுப் போன ஒலிவியா டி ஹாவிலண்ட் எல்லார் எதிரிலும் புன்னகைத்துவிட்டு, பிறகு மறைவாகப் போய் அழுதுவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆசை ஆசைதானே! கடவுளே இல்லை என்று நினைத்ததாகவும், சுமார் இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலை கண்விழித்தபோது 'ஹேட்டி ஜெயித்ததுதான் நியாயம்' என்று மனசு மாறியதாகவும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இதில் ஒரு விசேஷம் உண்டு. குழந்தையை இழந்த தகப்பன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைச் சொல்லி அழுதபடியே அந்த ஆயா மாடிப்படி ஏறுவாளே, ஹேட்டிக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது என்று பலரும் கருதும் காட்சி - அதில் கூடவே படியேறிப் போகிறவர் ஒலிவியாதான்.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹேட்டியின் அப்பாவிலிருந்து தொடங்கினால்தான் அந்த ராத்திரியின் கசப்பு முழுசாகப் புரியும்.

அப்பா ஹென்றி மெக்டேனியல் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தபோது, அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தெற்கு மாகாணங்களுக்கு எதிராக, வடக்கின் ராணுவத்தில் சேர்ந்து சண்டை போட்டார். காயம்பட்டார். போருக்குப் பிறகு, அதற்கான பென்ஷனுக்காக வருடக்கணக்கில் அரசாங்கத்துக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் பிறந்த குழந்தைகள் 13. கடைக்குட்டி ஹேட்டி, 1893-ல் கான்சஸ் மாகாணத்தில் பிறந்தவர்.

பாட்டு, நாடகம் எல்லாம் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. சோறு போடத்தான் அது போதவில்லை. நடுநடுவே வீட்டு வேலை, துணி துவைக்கிற வேலை. 1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது மில்வாக்கி நகரத்தில் ஒரு கிளப்பில் கழிவறைப் பணிப்பெண்ணாக இருந்தார். அங்கேயே ஒருநாள் பாடும் வாய்ப்புக் கிடைத்து மேடையேறினார். 1931-ல் ஹாலிவுட். அங்கே கிடைத்த வேடங்கள்? வேலைக்காரி, வேலைக்காரி, மறுபடியும் வேலைக்காரி! வேஷம் இல்லாத நாட்களில் நிஜமாகவே வேலைக்காரி.

இப்போது படத்தின் கதையைப் பாருங்கள். மார்கரெட் மிட்செல் 1936-ல் எழுதிய நாவல் அது. தெற்கு மாகாணத்துப் பண்ணை முதலாளிகளின் உலகம் எத்தனை அழகாக இருந்தது, போர் வந்து அதை எப்படி அழித்துவிட்டது என்று ஏங்குகிற கதை. அதில் வெள்ளைக்கார எஜமானியம்மாவை எடுத்து வளர்க்கிற அடிமை ஆயா 'மேமி'. விடுதலை கிடைத்த பிறகும் எஜமானியை விட்டுப் போகாத விசுவாசி. எந்த ராணுவத்தை எதிர்த்து ஹென்றி மெக்டேனியல் சண்டை போட்டாரோ, அந்த ராணுவம் தோற்றதற்காக நாலு மணி நேரம் கண்ணீர் விடுகிற படத்தில் அவர் பெண்ணுக்கு அடிமை வேஷம்! சும்மா சொல்லக்கூடாது, அந்த வேஷத்துக்குள்ளும் ஹேட்டி ஒரு வேலை செய்தார். அவருடைய மேமி கூனிக்குறுகி நிற்கிறவள் இல்லை. எஜமானியை முறைப்பாள், முணுமுணுப்பாள், 'எனக்குத் தெரியாதா உன் லட்சணம்' என்று பார்வையாலேயே சொல்லுவாள். படத்தில் யாரிடமும் ஏமாறாத ஒரே ஆள் அவள்தான்.

படத்தின் முதல் காட்சி 1939 டிசம்பர் 15 அன்று தெற்கிலேயே, அட்லாண்டாவில் நடந்தது. ஜார்ஜியா மாகாணத்துக்கே விடுமுறை. நட்சத்திரங்களைப் பார்க்கத் தெருவில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள் என்பது கணக்கு. ஹேட்டி போகவில்லை. கறுப்பின நடிகர்கள் யாருமே போக முடியாது. தியேட்டர் வெள்ளையர்களுக்கு மட்டும்! தெற்கில் விநியோகித்த நினைவு மலரிலிருந்து ஹேட்டியின் படத்தையும் நீக்கிவிட்டார்கள். கதாநாயகன் கிளார்க் கேபிள் கடுப்பாகி, 'அவங்க வரலேன்னா நானும் வரலை' என்று முரண்டு பிடித்ததாகவும், ஹேட்டிதான் சமாதானம் செய்து அனுப்பி வைத்ததாகவும் சொல்வார்கள்.

முதல்நாள் ராத்திரி அட்லாண்டாவில் வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு நடன விருந்து. விருந்தினர்களுக்குப் பொழுதுபோக வேண்டாமா? கறுப்பர்களின் தேவாலயம் ஒன்றிலிருந்து பாடகர் குழுவை அழைத்து, பண்ணை அடிமைகள் மாதிரி உடை உடுத்திப் பாட வைத்தார்கள். அந்தக் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் மார்ட்டின் லூதர் கிங்!

சரி, ஆஸ்கர் வாங்கிய பிறகு? வாய்ப்புகள் குவிந்திருக்குமே என்று கேட்பீர்கள். குவிந்தன. எல்லாம் வேலைக்காரி வேஷம்தான்.

அதைவிடப் பெரிய அடி சொந்த மக்களிடமிருந்து வந்தது. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் தலைவர் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கே வந்து ஸ்டூடியோ முதலாளிகளிடம் பேசினார். 'எங்களை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் காட்டுவதை நிறுத்துங்கள்' என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால், அந்த வேஷங்களைப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த நடிகர், நடிகைகள் இனத்துரோகிகள் மாதிரி பார்க்கப்பட்டார்கள். ஹேட்டி மீது விழுந்த கல் அதிகம். 'வேலைக்காரியாக நடித்தால் வாரத்துக்கு 700 டாலர். நடிக்காவிட்டால் நிஜ வேலைக்காரியாக 7 டாலர்தான்' என்கிற ரீதியில் அவர் பதில் சொன்னது பிரபலம். எனக்கு அந்தப் பதிலில் திமிர் தெரியவில்லை. இரண்டு வேலையையும் செய்து பார்த்தவருடைய கணக்கு அது. கதை எழுதுகிறவன், பணம் போடுகிறவன், தியேட்டர் நடத்துகிறவன் எல்லாரையும் விட்டுவிட்டு, நடிக்கிற பெண்ணைப் பிடித்து உலுக்குவது சுலபமும்கூட.

அவரைக் கோழை என்று சொன்னவர்கள் ஒரு விஷயத்தைச் சௌகரியமாக மறந்தார்கள். 1942-ல் ஹேட்டி லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். 'சுகர் ஹில்' என்று பேர்பெற்ற பகுதி. அந்த மனைகளின் பத்திரத்தில் 'வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கக் கூடாது' என்று ஒரு ஷரத்து. அப்போது அமெரிக்க நகரங்களில் இது ரொம்ப சகஜம். ஹேட்டியைப் போலவே வேறு சில கறுப்பினக் கலைஞர்களும் வசதியானவர்களும் அங்கே குடிவந்திருந்தார்கள். வெள்ளைக்கார அண்டை வீட்டார்களில் ஒரு பிரிவினர் 'காலி பண்ணு' என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஹேட்டி காலி செய்யவில்லை. தன் வீட்டிலேயே கூட்டங்கள் நடத்தினார். லோரன் மில்லர் என்கிற கறுப்பின வக்கீல் வாதாடினார். 1945 டிசம்பர். நீதிபதி தர்மண்ட் கிளார்க் நேரில் போய் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலை வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்! அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் கறுப்பர்களுக்குத் தந்திருக்கும் உரிமையைச் சாக்குப்போக்கு இல்லாமல் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார். இந்த மாதிரி ஷரத்துகளை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கும் இரண்டரை வருடம் கழித்து, 1948-ல். அங்கேயும் வாதாடிய வக்கீல்களில் லோரன் மில்லர் ஒருவர். 1940-ன் அந்தப் பட்டயத்தைவிட இந்தத் தீர்ப்புதான் பெரிய விருது என்பேன். என்ன, இதற்கு யாரும் விருந்து வைக்கவில்லை!

1947-ல் ரேடியோவில் 'பியூலா' தொடரின் கதாநாயகி ஆனார். ஒரு கறுப்பினப் பெண் அமெரிக்க ரேடியோவில் தொடர் ஒன்றின் நாயகியானது அதுதான் முதல் தடவை. பாத்திரம்? ஆமாம், வேலைக்காரி! அதற்கு முன் அந்தக் கறுப்பின வேலைக்காரிக்குக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளைக்கார ஆண்கள் என்றால் நம்புவீர்களா? ஹேட்டி ஒரு நிபந்தனை போட்டார். கறுப்பர்கள் பேசுவதாக வெள்ளையர்கள் கற்பனை செய்து வைத்திருந்த அந்தக் கொச்சை இங்கிலீஷைப் பேச மாட்டேன் என்றார். ஒப்புக்கொண்டார்கள்.

புற்றுநோய் வந்தது. 1952 அக்டோபர் 26-ல் காலமானார். வயது 59. வெள்ளைச் சவப்பெட்டி, தலையிலும் கையிலும் வெள்ளை கார்டீனியா என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். ஆஸ்கர் இரவில் சூடியிருந்த அதே பூ. ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில், சினிமாக்காரர்களோடு புதைக்கப்பட வேண்டும் என்பது ஆசை. அங்கேயும் 'வெள்ளையர்களுக்கு மட்டும்'! வேறொரு கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1999-ல் அதே ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில், வேறு நிர்வாகம் வந்தபின், அவருக்கு ஒரு நினைவுக்கல் மட்டும் வைத்தார்கள்.

அவருக்கு அடுத்து துணை நடிகைக்கான ஆஸ்கரை இன்னொரு கறுப்பினப் பெண் - ஊப்பி கோல்ட்பெர்க் - வாங்கியது 1991-ல். இடைவெளி 51 வருடம். சிறந்த நடிகைக்கான விருது 2002-ல்தான் ஹாலி பெர்ரிக்குக் கிடைத்தது. மேடையில் அவர் கதறி அழுததை நாமெல்லாம் டி.வி-யில் பார்த்தோம். 'கதவு திறந்துவிட்டது' என்று அன்றைக்குச் சொன்னார். 2025 விழா வரை அந்தக் கதவு வழியாக இன்னொருவர் வரவில்லை. 2010-ல் துணை நடிகை விருது பெற்ற மோனிக், தலையில் வெள்ளை கார்டீனியா சூடிக்கொண்டு வந்தார். கேள்வி கேட்டவர்களிடம், ஹேட்டி அன்றைக்குச் சூடியிருந்த பூ என்று விளக்கமும் சொன்னார்.

அந்த அம்பாசடர் ஹோட்டல்? 1968-ல் ராபர்ட் கென்னடி அங்கேதான் சுடப்பட்டார். பிறகு மெல்ல நொடித்து மூடப்பட்டு, 2006-க்குள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் பள்ளிக்கூடங்கள்.

அந்தப் பட்டயம்? அதை வாஷிங்டனில் கறுப்பர்களுக்கான புகழ்பெற்ற கல்வி நிறுவனமான ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். அங்கே கொஞ்ச காலம் இருந்தது. அப்புறம் காணாமல் போய்விட்டது. 1960-களின் கலவரத்தில், 'அடிமை வேஷத்துக்குக் கிடைத்த பரிசு நமக்கெதற்கு' என்று கொதித்த மாணவர்கள் பொடோமாக் நதியில் எறிந்துவிட்டதாக ஒரு கதை உலவியது. யாரும் நிரூபிக்கவில்லை. 2023 அக்டோபர் 1-ம் தேதி, ஆஸ்கர் அகாடமி அதே மாதிரி ஒரு மாற்றுப் பட்டயம் செய்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தது. இந்தத் தடவை விழா ஹேட்டிக்காகவே நடந்தது.