ஏ.சி.க்குள் யு.வி. லைட்: காசு கொடுக்கும் முன்பு இதைப் படிங்க!

சென்னை: தவணையில் வாங்கிய ஏ.சி.யை போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறதா? ‘உள்ளே ஒரு யு.வி. லைட் மாட்டிட்டா எல்லா கிருமியும் செத்துடும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டி விடாதீர்கள். அந்த லைட் நிஜமாகவே கிருமியை கொல்லும். ஆனால் எல்லா ஏ.சி.க்கும் அது பொருந்தாது. தப்பாக மாட்டினால் கண்ணுக்கும் ஆபத்து.

வாடை எங்கிருந்து வருகிறது?

ஏ.சி. ஓடும்போது உள்பெட்டியில் இருக்கும் கூலிங் காயில் சில்லென்று இருக்கும். அறையில் உள்ள ஈரக்காற்று அதில் பட்டு தண்ணீராக சொட்டும். அந்த தண்ணீர்தான் டியூப் வழியாக வெளியே போகிறது. ஈரம், இருட்டு, தூசி மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? வாடைக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெயில் செய்யும் வேலை

பாய், தலையணையை மொட்டை மாடியில் காயப்போடுவது நம்ம ஊர் வழக்கம். வெயிலுக்கு கிருமியை அடக்கும் சக்தி உண்டு என்பதை 1877-ல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற 2 பேர் சோதனை செய்து காட்டினார்கள். ஒளியை வைத்து தோல் காசநோய்க்கு சிகிச்சை கொடுத்த டென்மார்க் டாக்டர் பின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த சக்தி புறஊதா கதிரில் இருக்கிறது. அதில் ‘யு.வி.-சி' என்ற வகைதான் கிருமிக்கு எமன். வழக்கமான பாதரச விளக்கில் வருவது 254 நானோ மீட்டர் கதிர். இது கிருமியின் மரபணுவை சிதைத்து, அது பெருகாமல் செய்து விடும்.

2021-ல் நாடாளுமன்றத்தில் ஏ.சி. காற்று போகும் குழாய்களில் இந்த முறையை பொருத்தினார்கள். இதை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கருவிகள் ஆய்வகம்.

வீட்டு ஏ.சி.யில் என்ன சிக்கல்?

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல வீடுகளில் ஒரே மெஷின்தான் குளிர்காலத்தில் சூடும், கோடையில் குளிரும் தருகிறது. காற்று தகரக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும். அந்த பெட்டிக்குள் காயிலுக்கு பக்கத்தில் லைட்டை மாட்ட இடம் இருக்கிறது.

நம்ம வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. கதையே வேறு. உள்ளே இடம் குறைவு. மூடி, காற்றாடி என்று நிறைய பாகங்கள் பிளாஸ்டிக். புறஊதா கதிர் தொடர்ந்து பட்டால் பிளாஸ்டிக் நிறம் மாறி, நொறுங்க ஆரம்பிக்கும். வெளிச்சம் படாத மூலையில் பூஞ்சை அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம். காயில் அசையாமல் நிற்பதால் நாள் முழுக்க கதிர் படும். காற்றோ கண் இமைக்கும் நேரத்தில் கடந்து விடும். எனவே சின்ன லைட் காயிலை சுத்தமாக வைக்கலாம். அறைக்காற்றில் உள்ள கிருமி அத்தனையும் சாகும் என்று நம்பக் கூடாது. தூசியை அது துளியும் எடுக்காது.

கண் ஜாக்கிரதை

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேலை பார்த்தவர்களுக்கு ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்துமே, அதே வேதனையை இந்த லைட்டும் தரும். பார்த்த உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும். அப்படி ஆனால் கடையில் சொட்டு மருந்து வாங்கி சமாளிக்காமல் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்கு போய் காட்ட வேண்டும். தோலிலும் படக்கூடாது. கை, உடம்பை சுத்தம் செய்ய யு.வி. விளக்கை பயன்படுத்தாதீர்கள் என்று 2020-ல் கொரோனா நேரத்திலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

வாங்கியே ஆக வேண்டுமா?

* ஊதா வெளிச்சம் தெரிகிறது என்பதற்காக ஏமாறாதீர்கள். யு.வி.-சி கதிர் கண்ணுக்கு தெரியாது. டப்பாவில் நானோ மீட்டர் அளவை பாருங்கள். 395, 405 என்று இருந்தால் அது யு.வி.-சி இல்லை.

* ஓசோன் வெளிவிடும் விளக்கு வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு அதிகமாகும்.

* மூடியை திறந்ததும் தானாக அணையும் சுவிட்ச் இருக்க வேண்டும்.

* பாதரச விளக்கின் ஆயுள் சுமார் 9 ஆயிரம் மணி நேரம். இடைவிடாமல் எரிந்தால் ஒரு வருடம். அதன்பிறகு நீலமாக எரிந்தாலும் வீரியம் குறைந்திருக்கும். உடைந்தால் பாதரசம் சிந்தும்.

* கம்பெனி சர்வீசில் கேட்காமல் துளை போட்டால் வாரண்டி போய்விடலாம்.

முதலில் செய்ய வேண்டியது

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பில்டரை கழற்றி, 2 வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். தண்ணீர் டியூப்பில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோடைக்கு முன்பு மெக்கானிக்கை வைத்து காயிலை வாட்டர் சர்வீஸ் செய்யுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றி விடுகிறது. அதனால் தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலை திறந்து வையுங்கள். இதற்கு பிறகும் வாடை போகவில்லை என்றால் மட்டும் லைட்டை பற்றி யோசிக்கலாம்.