குன்மமும் மூவிலைப் புரதமும்

சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பிரிக்கின்றன. இன்று நாம் அல்சர் என்று சொல்லும் இரைப்பைப் புண்ணின் குறிகள் பலவும் அந்த எட்டுக்குள் அடங்குவன. குரோம்பேட்டையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறந்து வைக்கப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே இப்புண்ணுக்குப் பெருங்காரணம் எனக் கண்ட பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

1982இல் அக்கிருமி பிடிபடும்வரை பழியெல்லாம் நம் அடுக்களை மீதே விழுந்தது. மிளகாய், புளி, வேளை தவறிய சாப்பாடு, போதாக்குறைக்குக் கவலை. நோயாளி வலியோடு குற்ற உணர்வையும் சுமந்தார். ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா இதை வேறுவிதமாகப் பார்த்தார். 1964இல் வெளியான அவரது கட்டுரை, ரயில்வே ஊழியருள் வடக்கத்தியரைவிடத் தெற்கத்தியரிடம் இந்நோய் மிகுதி என்றது. ரொட்டியை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் வயிற்றைக் காக்கிறது, குழைந்த சோறோ மெல்லாமலே இறங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவியும் அரிசி உண்ணும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிகுந்திருப்பதைக் கண்டார். பின்னாளில் அவர் எழுப்பிய வினா கூர்மையானது: கிருமி எங்கும் பரவியிருக்கையில் புண் மட்டும் ஏன் சில இடங்களில் மிகுகிறது?

மல்ஹோத்ராவின் விளக்கம் முழுதாக நிலைபெறவில்லை. ஆயினும் 'எது எரிக்கிறது' என்பதை விட்டு 'எது காக்கிறது' என்று கேட்டதே பெரிது என்போம். உமிழ்நீரில் உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதைக் கண்ட ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

இரைப்பைக்கும் சொந்தப் புரதங்கள் உண்டு. மும்மடிப்பு வடிவினால் மேலைநாட்டார் அவற்றுக்கு மூவிலைச் செடியின் பெயரை இட்டனர். நமக்கு வில்வ இலை நினைவுக்கு வரும். சளிப்படலத்தை இறுக்குவது இவற்றின் ஒரு வேலை. மற்றொன்று வியப்பானது. உட்சுவரில் கீறல் விழுந்தால், புதிய உயிரணுக்கள் பிறக்கும்வரை வயிறு காத்திருப்பதில்லை. விளிம்பில் உள்ளவை தட்டையாகி, நகர்ந்து, சில மணி நேரத்தில் திறந்த இடத்தை மூடிவிடுகின்றன. அந்த நகர்வைத் தூண்டுபவை இப்புரதங்களே. ஆழ்ந்த புண்ணானால் வாரக்கணக்கு ஆகும். மூட்டுவலிக்கென்று நாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகள் அதையும் தாமதப்படுத்தும். இவற்றுள் முதற்புரதம் இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட எலிகளுக்கு இரைப்பையில் கட்டிகள் தோன்றியதை 1996இல் ஃபிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவ்வெலிகளுக்கு யாரும் மிளகாய் கொடுக்கவில்லை.