கதைக்குச் சொந்த ஊர் ஏது?

ஸ்பானிஷ்னு சொன்னவுடனே புத்தகம் படிக்கிறவங்களுக்கு ஞாபகம் வர்றது டான் குயிக்ஸாட், போர்ஹெஸ், மார்க்வெஸ். எல்லாமே எழுத்து. ஆனா எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும், ஆடு மேய்க்கிறவங்களும், அறுவடைக்குப் போறவங்களும் வாயாலேயே காப்பாத்தி வச்ச ஸ்பானிஷ் கதைகள் ஒரு தனி உலகம். அதைத் தேடிப் போன ஒரு அப்பாவையும் மகனையும் பத்தித்தான் சொல்லப் போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே பேர்: அவுரேலியோ எஸ்பினோசா.

அப்பா எஸ்பினோசா 1880-ல் பிறந்தவர். பிறந்த இடம் ஸ்பெயின் இல்லை, அமெரிக்காவின் கொலராடோ. அங்கே எப்படி ஸ்பானிஷ் குடும்பம்னு கேக்கறீங்களா? பக்கத்து நியூ மெக்ஸிகோவில் ஸ்பானியர் குடியேறத் தொடங்கியது 1598-ல். 1821-ல் அந்தப் பகுதி மெக்ஸிகோவுக்குப் போனது. 1848-ல், போருக்குப் பிறகு, அமெரிக்காவுக்கு வந்தது. ஜனங்க இருந்த இடத்திலேயே இருந்தாங்க, கொடிதான் மாறிக்கிட்டே இருந்தது!

அமெரிக்காவோடு சேர்ந்த பிறகும் நியூ மெக்ஸிகோவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது 1912-ல்தான். அதாவது 64 வருஷம் காத்திருப்பு. அங்கே பெரும்பாலானவங்க ஸ்பானிஷ் பேசறாங்க, கத்தோலிக்கர்கள், இவங்களை எப்படிச் சமமா சேத்துக்கறதுங்கற தயக்கமும் அதுக்கு ஒரு காரணம். இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த எஸ்பினோசாவுக்கு ஒரு வைராக்கியம். எங்க ஜனங்க பேசற மொழி, பாடற பாட்டு, சொல்ற கதை எல்லாம் ஸ்பெயினிலிருந்து நேரா வந்த பழைய சொத்துன்னு நிரூபிக்கணும். மட்டமா பார்க்கறவன் முன்னாடி தலைநிமிர்ந்து நிக்கறதுக்கு அவருக்குக் கிடைத்த வழி அது.

1910-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1920-ல் அமெரிக்க நாட்டுப்புறவியல் கழகத்தின் சார்பில் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். பண உதவி எல்ஸி க்ளூஸ் பார்சன்ஸ் என்ற மானுடவியல் அறிஞர் செய்தது. ஊர் ஊராகப் போய், சொல்லச் சொல்லக் கையால் எழுதியெடுத்த கதைகளில் 280 கதைகள் 1923 முதல் 1926 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

அவர் எதிர்பார்த்தது நடக்கவும் செஞ்சது. நியூ மெக்ஸிகோவில் சொல்ற எத்தனையோ கதைகள் ஸ்பெயின் கிராமங்களிலும் இருந்தன. உதாரணத்துக்கு பெத்ரோ தெ உர்தெமாலாஸ்ங்கற எத்தன். பண்ணையாரோட பன்னிகளை வித்துட்டு, வாலை மட்டும் அறுத்துச் சேத்துல நட்டு வச்சுட்டு, "ஐயோ, பன்னியெல்லாம் சேத்துல முழுகிடுச்சு"ன்னு ஓடி வருவான். இவன் பேரிலேயே செர்வாண்டஸின் நாடகம் ஒன்று 1615-ல் அச்சாகியிருக்கு. நியூ மெக்ஸிகோ, மெக்ஸிகோ, சிலி, அர்ஜென்டினான்னு அவன் போகாத இடமில்லை.

ஆனா மனுஷர் அதோட நிக்கலை. ஒரு கதையை எடுத்தா அதன் எல்லா வடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கற குணம் அவருக்கு. அப்படி எடுத்ததில் ஒன்று தார்ப்பொம்மைக் கதை. மெக்ஸிகோவில் இது முயல் கதை. தோட்டத்துல திருட வர்ற முயலைப் பிடிக்க மெழுகு பொம்மை வைப்பாங்க. பொம்மை பதில் பேசலைன்னு முயல் கோபத்துல ஒரு குத்து விடும், கை ஒட்டிக்கும். இன்னொரு கை, ரெண்டு கால், கடைசியில தலை - எல்லாம் ஒட்டிக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் இதே கதை உண்டு.

எஸ்பினோசா 1930-ல் இதன் மூலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1943-ல் 267 வடிவங்களை ஒப்பிட்டு இன்னொன்று. அவர் போய் நின்ற இடம் எது தெரியுமா? இந்தியா! புத்த ஜாதகக் கதைகளில் 55-வது கதையில், ஐந்து ஆயுதம் ஏந்திய ஒரு இளவரசன் ஒட்டுமயிர் கொண்ட ராட்சசனோடு சண்டை போடுவான். ரெண்டு கை, ரெண்டு கால், தலைன்னு ஐந்தும் ஒட்டிக்கும். அந்த ஐந்து ஒட்டலைத்தான் எஸ்பினோசா முக்கியமான அடையாளமாகப் பிடிச்சார். கதை ஆப்பிரிக்காவில் பிறந்ததுன்னு வாதாடினவங்களும் உண்டு. எப்படியிருந்தாலும், ஸ்பெயினைத் தேடிக் கிளம்பினவரோட ஆராய்ச்சியே ஸ்பெயினைத் தாண்டிப் போயிடுச்சு.

யோசிச்சா இதுல ஆச்சரியமே இல்லை. நம்ம பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபுக்கு வந்து, 1251-ல் 'கலீலாவும் திம்னாவும்' என்று ஸ்பானிஷில் வந்துவிட்டது. மாவுப்பானையைப் பார்த்துக்கிட்டே மனக்கோட்டை கட்டி, கடைசியில பானையை உடைச்ச பிராமணன் ஞாபகம் இருக்கா? 1335-ல் தொன் ஹுவான் மனுவேல் எழுதிய நூலில், தேன் பானையைத் தலையில சுமந்துக்கிட்டு அதே மாதிரி கனவு காண்கிறாள் ஒரு பெண். பானை உடையறது மட்டும் மாறலை :-)

எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லணும். எஸ்பினோசா அதிகம் கண்டுக்காம விட்டது பூர்வகுடிகளின் பங்கை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நல்லாவே சுட்டிக் காட்டினாங்க. தண்ணிக்கரையில பிள்ளைகளைத் தேடி அழுதுக்கிட்டுத் திரியற யோரோனாவை எடுத்துக்குங்க. மெக்ஸிகோவிலும் நியூ மெக்ஸிகோவிலும் அவளைத் தெரியாத பிள்ளைகள் கம்மி. ஸ்பானியர் வருகைக்கு முன் தோன்றியதாகச் சொல்லப்பட்ட எட்டு சகுனங்களில், ராத்திரியில் "என் பிள்ளைகளே" என்று அழும் பெண்ணும் ஒன்று. 16-ம் நூற்றாண்டில் சஹாகூன் என்ற துறவி, பூர்வகுடி மக்களோடு சேர்ந்து தொகுத்த நூலில் அது பதிவாகியிருக்கு. சுத்த ஸ்பெயின் சொத்துன்னு எப்படிச் சொல்றது?

இப்போ மகன். அவரும் அப்பா வழியிலேயே போனார். 1936 ஏப்ரலில் காஸ்டில் பகுதிக் கிராமங்களில் இறங்கி, பாலென்சியா, வல்லாடோலிட், செகோவியா, பர்கோஸ் என்று சுற்றி, மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய 500 கதைகள் சேர்த்தார். கதை எந்த ஊரில், எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்றும் குறித்து வைத்தார். ஏப்ரல், மே, ஜூன்னு தேதிகள் நகருது. ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடிச்சது. வல்லாடோலிட், பர்கோஸ், செகோவியா எல்லாம் அந்த மாதமே கிளர்ச்சிப் படை கைக்குப் போயின. கதை சேகரிப்பும் அதோட நின்னுபோச்சு.

ஒரு சிறு தேர்வு 1946-ல் வந்தது. முழுத் தொகுப்பு வெளியானது 1987-88-ல். அரை நூற்றாண்டு கழிச்சு! அதுக்குள்ள 1950-களிலும் 60-களிலும் காஸ்டில் கிராமத்து ஜனங்க மாட்ரிட், பார்சலோனான்னு பிழைப்பு தேடிப் போயாச்சு. அடுப்படியில உக்காந்து கதை கேட்ட வீடுகள் பலது பூட்டிக் கிடந்தது. அந்த மூணு மாசத்துல அந்தக் கிராமங்களுக்கு யாரும் போகாம இருந்திருந்தா, அதில் எத்தனையோ கதை சொன்னவங்களோடயே போயிருக்கும்.

அப்பா எழுப்பின கேள்வி, "இந்தக் கதை யாரோடது?" அதுக்கு அவர் ஆயுசு முழுக்க உழைச்சும் ஒத்தை நாட்டுப் பேர் பதிலா வரலை. 1936 வசந்தத்துல, வயல் வேலை முடிஞ்சு வந்து, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு நிதானமா கதை சொல்லிக்கிட்டு இருந்தாங்களே, அந்த ஜனங்களோடதுன்னு சொல்லிட்டா எனக்குப் போதும்னு தோணுது.