உடைஞ்ச பாலமும் மீன் கூடையும்

மலருக்கு நம்ம ஊர் வரலாறு எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவதுதான் படிச்சேன். வரலாறுன்னா ராஜா கதைன்னு நெனச்சிருந்தேன். கல்யாணம் ஆகி இங்க வந்த பிறகு எங்க வீட்டு ஆயா, அதாவது என் வீட்டுக்காரரோட பாட்டி, சொல்லித்தான் ஒரு பாலத்துக்கும் வரலாறு உண்டுன்னு தெரிஞ்சது.

பெசன்ட் நகர் பீச்சுல வடக்கே நடந்தா ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். அதையும் தாண்டினா அடையாறு கடல்ல கலக்குற முகத்துவாரம். அங்க ஒரு பாலம் பாதியில அறுந்து நிக்கும். சினிமாவுல நீங்க பாத்திருப்பீங்க. 1967-ல் கட்டினது. எதிர்க்கரையில சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம். அப்புறம் சாந்தோம், மயிலாப்பூர்.

எங்களுக்கு மீன் கரையிலயே இருக்கு. வாங்குற ஜனம் மயிலாப்பூர்ல இருந்தது. காலையில கட்டுமரம் ஒதுங்கினதும் ஆயா ஏலத்துல நெத்திலியோ சங்கராவோ எடுத்து, கூடையைத் தலையில வச்சு, பாலத்து மேல நடந்தே போயிடுவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வித்துட்டு வந்து உலை வைப்பாங்களாம். பஸ்ஸும் வேணாம், காசும் வேணாம்.

1977-ல் ஆத்துத் தண்ணியோட வேகத்துல பாலம் உடைஞ்சது. மறுபடி கட்டவே இல்ல.

ஆத்தைக் கடக்க வேற பாலம் இல்லாம இல்ல. 1840-லயே எல்ஃபின்ஸ்டன் பாலம் இருந்தது. 1973-ல் அதுக்குப் பக்கத்துல திரு.வி.க. பாலம் வந்தது. வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு அது போதும். கூடைக்காரி அடையாறு சுத்தி நாலஞ்சு கிலோமீட்டர் நடக்கணும். அதுக்குள்ள மீன் கண்ணு வெளுத்துடும், விலையும் பாதியாயிடும். ஆயா மயிலாப்பூரை விட்டது அப்போதான். வாடிக்கையா வாங்கின வீடுங்க எல்லாம் போச்சு.

இத்தனைக்கும் ஊர் பெருத்துக்கிட்டே போச்சு. 1901-ல் சென்னையில சுமார் 5 லட்சம் பேர், 1951-ல் 14 லட்சம், 2011 கணக்குல 46 லட்சம். குப்பத்தைச் சுத்தி வீட்டு வசதி வாரியம் பெசன்ட் நகரையே கட்டிடுச்சு. பஸ் டிப்போவும் வந்தது. உங்களுக்கு என்ன குறைச்சல், வாசல்லயே பஸ்னு கிராமத்து சொந்தக்காரங்க கேப்பாங்க. பஸ் இருந்துச்சு. கூடையைப் பாத்தா நிக்காது. நின்னாலும் "நாத்தம், எறங்கு"ன்னுவாங்க. என் மாமியார் இன்னிக்கும் மீன் எடுக்க விடியறதுக்கு முன்ன காசிமேட்டுக்கு நாலு பேரா சேந்து ஆட்டோவுலதான் போறாங்க. ஆட்டோ காசு போக மிஞ்சுறதுதான் லாபம்.

2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல குளச்சல்ல மீன் வித்துட்டு வந்த ஒரு அம்மாவை பஸ்ஸை விட்டு எறக்கி விட்டாங்க. ஊரே கேள்வி கேட்ட பிறகு ஊழியர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. டிவியில பாத்துட்டு என் மாமியார் ஒண்ணும் பேசல, எழுந்து போயிட்டாங்க. 2025-ல் குழு உறுப்பினர் அட்டை வச்சிருந்தா நாம செஞ்ச பொருளை 25 கிலோ வரைக்கும் அரசு பஸ்ல இலவசமா கொண்டு போகலாம்னு வந்துச்சு. அட்டை இன்னும் வாங்காதவங்க வாங்கிடுங்க.

பாலத்துக்கு வர்றேன். கலங்கரை விளக்கத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் கடலோரமா பெரிய மேம்பாலம் போடப் போறதா ஒரு காலத்துல பேச்சு வந்தது. குப்பத்து ஜனம் எதிர்த்தாங்க. தூண் எங்க நிக்கும், வலையை எங்க காய வைக்கிறது, வீடு மிஞ்சுமான்னு பயம். பாலமே வேணாம்னு சொல்றவங்க இல்ல நாங்க. ஆயா உயிரோட இருந்தப்ப நான் கேட்டேன், "எவ்ளோ பெரிய பாலம் ஆயா வேணும்?"னு. கையை விரிச்சுக் காட்டினாங்க. எதிர்ல கூடையோட வர்றவளும் நானும் இடிச்சுக்காம போனா போதும்னாங்க.